களனித் துறவியும் கைவிடப்பட்ட உடன்படிக்கையும்



வகுப்பறையில் ஒரு நாள் எழுந்த வினாவொன்றிலிருந்து இப்பேச்சைத் தொடங்குகிறேன். எர்ணாவூரில் நான் ஆசிரியப் பணியில் இருந்த காலம். பத்தாம் வகுப்புக்கு இந்திய அரசியலமைப்பு உருவான வரலாற்றைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். அரசியல் நிர்ணய சபையில் யார் யார் இருந்தனர் என்று சொல்லி வருகையில், நம் சென்னை லயோலாக் கல்லூரியின் தலைமையை வகித்த ஜெரோம் டிசூசா அடிகளாரும் அச்சபையில் உறுப்பினராக இருந்தார் என்றேன். உடனே பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான்.

"சார், சாமியார்கள் சட்டம் செய்யும் சபையில் உட்காரலாமா? பர்மாவில் சாமியார்கள் சட்டசபையையே மறித்தார்கள் என்று எங்கள் தாத்தா சொல்லுவார்."

எர்ணாவூர்ப் பக்கத்தில் பர்மாவிலிருந்து தாயகம் திரும்பியோரின் குடியிருப்புகள் உண்டு என்பதை வடசென்னை மாணவர்கள் அறிவார்கள். இரங்கூனில் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய குடும்பம் ஒன்றின் பேரன் அவன். "உட்கார் தம்பி, நாளை சொல்கிறேன்" என்றேன். ஆசிரியர்கள் விடை தெரியாத போது சொல்லும் சொல் அது. அந்த 'நாளை' வருவதற்கு எனக்குப் பல மாதங்கள் ஆயின.

அவன் தாத்தா சொன்னது உண்மையே. 1961 ஆகஸ்டில் பர்மாவின் பிரதமர் ஊ நூ பௌத்தத்தை அரசாங்கச் சமயமாக்கும் திருத்தத்தை நிறைவேற்றினார். பிற சமயத்தார் அஞ்சினர். அவர்களுக்குப் பாதுகாப்பளிக்க அடுத்ததொரு திருத்தத்தை அவர் கொண்டுவந்தார். அதனைப் பிக்குகள் பலர் கடுமையாக எதிர்த்துக் கிளர்ந்தனர். குழப்பம் தணியுமுன்பே, 1962 மார்ச் 2-ஆம் நாள் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். பிறகு கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாயின. நம்மவர் கப்பலேறினர். ஒரு தாத்தாவின் பயணத்துக்குப் பின்னே இத்தனை அரசியல் இருந்தது.

ஆயினும் பர்மாவைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அவன் வினாவுக்கு விடை தேடிப் படிக்கப் படிக்க, இதே கதை நமக்கு இன்னும் அருகில், பாக் நீரிணைக்கு அப்பால், சில ஆண்டுகள் முன்னதாகவே நடந்திருப்பதைக் கண்டேன். இலங்கையில் 1957-இல் கையெழுத்தாகி 1958-இல் கைவிடப்பட்ட ஓர் உடன்படிக்கையும், அதனை எதிர்த்து நின்ற பிக்குகளின் இயக்கமும், அவ்வியக்கத்தில் முன்னின்ற களனித் துறவி ஒருவரின் வாழ்வும் அக்கதையின் உறுப்புகள்.

முதலில் நாட்டின் நிலையைக் காண்போம். 1948 பிப்ரவரி 4-ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றபோது, ஆசியாவில் அதனை விட நம்பிக்கையூட்டிய புதிய நாடு அரிது. போரால் சிதைவுறாத துறைமுகம். தேயிலை, ரப்பர், தெங்கு ஆகிய மூன்றின் ஏற்றுமதி. எழுத்தறிவில் நம்மை விட முந்திய மக்கள். சோல்பரி அரசியலமைப்பு என்னும் ஒழுங்கான ஆட்சி முறை. அவ்வரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு, ஓர் இனத்தாருக்கோ சமயத்தாருக்கோ மட்டும் தீங்கு விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று விதித்திருந்தது. தாளின் மேல் இது நல்ல வேலி. ஆனால் விடுதலை பெற்ற ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றவர் ஆக்கிற்று. வேலி நின்றது, பயிர் மேயப்பட்டது.

செல்வமும் நீடிக்கவில்லை. கொரியப் போர்க்காலத்தில் உயர்ந்த ரப்பர் விலை சரிந்தது. 1953-இல் பங்கீட்டு அரிசியின் விலையை ஒரு படிக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் ஏற்றியது. ஆகஸ்டு 12-ஆம் நாள் நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடியது என்றால் நிலைமையை நீங்களே ஊகிக்கலாம். பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். ஒரு நாடு தளர்வதற்குப் பஞ்சமோ படையெடுப்போ வேண்டுவதில்லை. ஆளுவோர் மீது நம்பிக்கை குறைந்து, மக்கள் வேறு இடங்களில் தலைவர்களைத் தேடத் தொடங்கும்போதே தளர்வு தொடங்கிவிடுகிறது. இலங்கையில் சிற்றூர்ச் சிங்கள மக்கள் அவ்வாறு தேடியபோது, அவர்கள் கண்முன் நின்றவர் விகாரையின் பிக்கு.

இங்கு ஒன்றை நடுநிலையோடு சொல்லவேண்டும். பிக்குகளின் மனக்குறையெல்லாம் கற்பனையன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் கிறித்தவப் பள்ளிகளே உயர்ந்தன; ஆங்கிலம் கற்றவரே பதவி பெற்றனர்; சிங்களம் மட்டும் கற்ற ஊர்ப்பள்ளி ஆசிரியரும், நாட்டு வைத்தியரும், பிக்குவும் வாயிலுக்கு வெளியே நின்றனர். தமிழ் மட்டும் கற்றவன் நிலையும் அதுவே என்பதைச் சிங்களத் தலைவர் பலர் மறந்தனர். 1946-இல் களனியை அடுத்த வித்தியாலங்காரப் பிரிவேனாவைச் சேர்ந்த பிக்குகள், அரசியலில் ஈடுபடுவது பிக்குகளின் உரிமையே என்று அறிக்கை வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே வல்பொல ராகுல தேரர் அக்கருத்தை நிலைநாட்டச் சிங்களத்தில் ஒரு நூல் எழுதினார். பௌத்த நெறியின் அறிஞராக உலகம் போற்றிய அதே ராகுலர்தாம். துறவி ஊராரின் துன்பத்தைக் கண்டு வாளா இருக்கலாமா என்பது அவர்கள் வாதம். அதற்கு மறுமொழி சொல்வது எளிதன்று. நம் நாட்டிலும் துறவிகள் விடுதலைப் போரில் சிறை சென்றிருக்கின்றனர்.

இனிக் களனித் துறவி. மாபிட்டிகம புத்தரக்கித்த தேரர் 1921-இல் பிறந்தவர். இளம் வயதிலேயே களனி இராஜமகா விகாரையின் தலைமை பெற்றார். புத்தர் பெருமான் தாமே வந்தருளிய இடம் என்று இலங்கைப் பௌத்தர் போற்றும் தலம் அது. அத்தலத்தின் தலைமையோடு செல்வமும் செல்வாக்கும் வந்தன. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா 1951-இல் ஐக்கிய தேசியக் கட்சியை விட்டு வெளியேறிச் சுதந்திரக் கட்சியை அமைத்தபோது, அதன் தொடக்க காலத் துணைவருள் இத்துறவியும் ஒருவர். 1956 தேர்தலுக்காகப் பிக்குகள் 'எக்சத் பிக்கு பெரமுன' என்னும் முன்னணியில் திரண்டபோது, அதனை இயக்கியவருள் முதல்வரிசையில் நின்றார்.

அவ்வாண்டு புத்தர் பரிநிர்வாணம் அடைந்த 2500-ஆம் ஆண்டின் நிறைவு. நாடெங்கும் பக்திப் பெருக்கு. அந்த வேளையில் தேர்தலும் வந்தது. பிக்குகள் வீடு வீடாகச் சென்றனர். பத்துக் கொள்கைகளை எழுதிப் பண்டாரநாயக்காவிடம் தந்தனர், அவர் ஏற்றார். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் முழக்கம் தேர்தலை வென்றது. 95 இடங்களில் பண்டாரநாயக்காவின் கூட்டணிக்கு 51. ஆண்ட கட்சிக்கு வெறும் 8. ஒரு விகாரைத் தலைவர் தம்மால் ஒரு பிரதமர் உண்டானார் என்று எண்ணிக்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்?

1956 ஜூன் 5-ஆம் நாள் சிங்கள மட்டும் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தது. அன்று காலிமுகத்திடலில் அறப்போராட்டமாக அமர்ந்த தமிழ்த் தலைவர்களைக் கும்பல்கள் தாக்கின. சட்டம் 56-க்கு 29 என்ற வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. கல்லோயாக் குடியேற்றத்தில் தமிழர் பலர் உயிரிழந்தனர்.

இப்போது நான் மிகவும் விரும்பிக் கற்பிக்கும் பகுதிக்கு வருகிறேன். இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசிய கதை இது. ஒருவர் பண்டாரநாயக்கா: ஆங்கிலத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் பயின்று, பின்னர்ப் பௌத்தம் தழுவியவர். மற்றவர் சா.ஜே.வே. செல்வநாயகம்: மலாயாவின் ஈப்போவில் பிறந்த கிறித்தவர், 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவி, பெரும்பாலும் சைவர்களான யாழ்ப்பாணத் தமிழரின் பெருந்தலைவராய் விளங்கியவர், மெலிந்த உடல், மெல்லிய குரல். பௌத்தத்தின் பெயரால் ஆட்சிக்கு வந்தவர் பௌத்தக் குடும்பத்தில் பிறந்தவரல்லர்; சைவர்களின் தலைவர் சைவரல்லர். இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். இன்னொன்று சொன்னால் வியப்பார்கள். இலங்கைக்குக் கூட்டாட்சி முறையே பொருந்தும் என்று 1926-இலேயே எழுதியும் பேசியும் வந்தவர் இளைஞர் பண்டாரநாயக்காவே. யாழ்ப்பாணத்துக்கே சென்று அதனைப் பேசினார். முப்பதாண்டுகளுக்குப் பின், தாம் மறந்துவிட்ட தம் இளமைக் கருத்தையே செல்வநாயகத்தின் வாயால் அவர் கேட்கவேண்டியிருந்தது.

தமிழரசுக் கட்சி 1957 ஆகஸ்டு 20-ஐக் கெடுவாக வைத்து அறப்போர் அறிவித்திருந்தது. அதற்கு முன்பே, ஜூலை 26-ஆம் நாள், இருவரும் உடன்பட்டனர். பண்டா-செல்வா ஒப்பந்தம் என வரலாறு அதனை அழைக்கிறது. நீண்ட ஏடன்று, இரண்டு மூன்று பக்கங்களில் அடங்கும். சிங்கள மட்டும் சட்டம் நீக்கப்படாது, கூட்டாட்சியும் இல்லை என்று பிரதமர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். செல்வநாயகம் அதனை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கிடைக்கக்கூடியதைப் பேசினார். தமிழ், நாட்டின் சிறுபான்மைத் தேசிய இனம் ஒன்றின் மொழியென ஏற்கப்படும். வடக்கிலும் கிழக்கிலும் ஆட்சி அலுவல் தமிழில் நடைபெறும். வடமாகாணத்துக்கு ஒரு பிராந்திய சபையும், கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ சபைகளும் அமையும். அவை விரும்பினால் மாகாண எல்லையைக் கடந்தும் ஒன்று சேரலாம், பாராளுமன்றத்தின் ஒப்புதலோடு. உறுப்பினரை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பர். வேளாண்மை, கூட்டுறவு, கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீடமைப்பு, மின்சாரம், நீர்த்திட்டம், சாலை ஆகியவை அச்சபைகளின் பொறுப்பு. வரி விதிக்கவும் கடன் வாங்கவும் அவற்றுக்கு அதிகாரம் உண்டு.

இவற்றுள் ஒன்று மற்றவற்றைவிட முக்கியமானது. அரசாங்கம் காடு திருத்திக் குடியேற்றும் நிலங்களில் யாரைக் குடியமர்த்துவது என்று முடிவு செய்யும் அதிகாரமும் பிராந்திய சபைக்கே தரப்பட்டது. மொழிச் சண்டை கடைத்தெருவில் தெரியும். நிலச் சண்டை கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். ஒரு மாவட்டத்தில் யார் பெரும்பான்மையோ அவரே அங்குத் தேர்தலை வெல்வர். தமிழர் நிலத்தைத் தமிழரே பங்கிடலாம் என்பதே ஒப்பந்தத்தின் உயிர்நிலை. எதிர்ப்பும் அந்த இடத்தில்தான் வலிமையாகப் பாய்ந்தது.

"சார், இதில் அரசியலமைப்பு எங்கே வருகிறது?" என்று கேட்கும் கூர்மையான மாணவர் உண்டு. நல்ல கேள்வி. சோல்பரி அரசியலமைப்பின் ஓர் எழுத்தையும் இவ்வொப்பந்தம் மாற்றவில்லை. சாதாரண மசோதா ஒன்றினாலேயே பிராந்திய சபைகளை அமைத்துவிடலாம். ஆனால் அரசியலமைப்பு என்பது அச்சிட்ட நூல் மட்டும் அன்று. ஒரு நாட்டில் அதிகாரம் எவ்வெவர் கையில் எவ்வளவு இருக்கிறது என்னும் ஏற்பாடே அதன் அமைப்பு. கொழும்பில் குவிந்திருந்த அதிகாரத்தில் ஒரு பங்கை யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் பிரித்துத் தருவது அவ்வமைப்பை மாற்றுவதே. எதிர்த்தோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர்; ஆதரித்தோரைவிட நன்றாகவே உணர்ந்திருந்தனர் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிக்குகள் முன்னணியின் வாதம் என்ன? இது நாட்டைத் துண்டாடும் முதற்படி என்றனர். இலங்கையில் பத்துப் பேரில் ஏழு பேர் சிங்களராயினும், நீரிணைக்கு அப்பால் கோடிக்கணக்கான தமிழர் உள்ளனர்; சிங்கள மொழிக்கோ இத்தீவை விட்டால் வேறு புகலில்லை என்றனர். இவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடக்கூடாது. பெரும்பான்மையோர் தம்மைச் சிறுபான்மையோராக எண்ணி அஞ்சும் இடத்தில், உண்மையான சிறுபான்மையோரின் அச்சம் யார் காதிலும் விழுவதில்லை. ஆனால் அவ்வாதத்தில் ஒரு குறை உண்டு. ஒப்பந்தத்தில் பிரிவினை இல்லை; கூட்டாட்சி கூட இல்லை; சபைகள் இணைவதற்கும் பாராளுமன்றத்தின் இசைவு வேண்டும் என்றே எழுதப்பட்டிருந்தது. எதிர்த்தோர் எழுதியிருந்ததை எதிர்க்கவில்லை. எழுதாதது ஒன்றைத் தாமே எழுதிக்கொண்டு, அதனை எதிர்த்தனர்.

பிக்குகள் மட்டுமே எதிர்த்தனர் என்று சொல்வதும் நீதியன்று. தோற்ற கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்த்தனா 1957 அக்டோபரில் கொழும்பிலிருந்து கண்டித் தலதா மாளிகைக்கு எதிர்ப்பு நடைப்பயணம் புறப்பட்டார். வழியில் இம்புல்கொடவில் அரசாங்கக் கட்சி உறுப்பினர் ஒருவர் கூட்டத்தோடு சாலையில் நின்று மறித்ததால், அவர் திரும்பினார். ஆட்சியை இழந்தவர்களுக்குக் கிடைத்த பற்றுக்கோடு அது. கொள்கை என்று நான் சொல்லமாட்டேன். பின்னாளில், 1987-இல், அதைவிட அகன்ற மாகாண சபைத் திட்டத்தில் கையெழுத்திட்டவரும் அதே ஜெயவர்த்தனாவே!

மோட்டார் வண்டிகளின் எண் பலகையில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமாக்கப்பட்டது 1958 தொடக்கத்தில் பூசலாக வெடித்தது. வடக்கில் தமிழர் அதனை அழித்துத் தமிழ் எழுத்தை எழுதினர். தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. ஓர் எழுத்துக்காக இத்தனையா என்று நீங்கள் நினைக்கலாம். பேருந்தின் நெற்றியில் எழுதிய எழுத்து, இந்நாடு யாருடையது என்று ஊர் ஊராய்ச் சொல்லிச் செல்லும் அல்லவா? தமிழரசுக் கட்சி அவ்வேளையில் அப்போராட்டத்தைத் தொடங்கியது அறிவுடைமையா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. தள்ளாடும் பிரதமரின் கையைப் பிடித்து நிறுத்தவேண்டிய நேரம் அது. என் தமிழ் நண்பர் சிலர் இதனை ஒப்பமாட்டார்கள், இருக்கட்டும்.

1958 ஏப்ரல் 9. கொழும்பு ரொஸ்மீட் பிளேசில் உள்ள பிரதமரின் இல்லத்துக்குக் காலையிலேயே பிக்குகள் ஏறத்தாழ இருநூறு பேர் வந்து சேர்ந்தனர். அமர்ந்தனர், ஒப்பந்தத்தைக் கைவிடும்வரை எழமாட்டோம் என்றனர். வெளியே மக்கள் கூட்டம். பிரதமர் வெளியே வந்து பேசினார், பயனில்லை. அமைச்சர்களிலும் ஒப்பந்தத்தை விரும்பாதார் இருந்தனர். இறுதியில் அவர் இசைந்தார். வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வேண்டும் என்றனர் பிக்குகள். அவர் எழுதிக் கொடுத்தார். எட்டரை மாதங்களுக்கு முன் செல்வநாயகத்துக்கு எழுதிக் கொடுத்த கை, அதனை மறுத்து இப்போது எழுதியது.

இங்கு நிறுத்தி மாணவர்களிடம் நான் ஒரு வினா கேட்பதுண்டு. பாராளுமன்றத்தில் பெரும்பான்மை யாருக்கு? பண்டாரநாயக்காவுக்கு. மசோதாவை அங்கு விவாதித்துத் தோற்கடித்திருந்தால் அது மக்களாட்சி. ஆனால் விவாதம் அங்கு நடக்கவேயில்லை. வாக்குச் சீட்டு இல்லாத ஒரு சபை, பிரதமர் வீட்டுப் புல்வெளியில் கூடித் தீர்ப்பளித்தது. அறப்போராட்டம் என்று பார்த்தால், காலிமுகத்திடலில் செல்வநாயகம் அமர்ந்ததும் பிக்குகள் இங்கு அமர்ந்ததும் ஒன்றுபோலத் தோன்றும். அவரை அடித்துக் கலைத்தனர். இவர்களைத் தொட ஒரு காவலரும் துணியார். காவியுடைக்கு மக்கள் தந்த மதிப்பு, அரசியல் பேரத்தில் ஒரு தரப்பின் தட்டில் படிக்கல்லாக வைக்கப்பட்டது. துறவி அரசியலில் கருத்துச் சொல்வது வேறு. மறுத்துப் பேச முடியாத இடத்திலிருந்து சொல்வது வேறு.

அடுத்த மாத இறுதியில் நாடு தீப்பற்றியது. ரயில்களில் தொடங்கிய தாக்குதல் ஊர்களுக்குப் பரவிற்று. மே 27-ஆம் நாள் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. கொழும்பில் முகாம்களில் அடைந்து கிடந்த தமிழர்கள் கப்பல்களில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டனர். சொந்த நாட்டுக்குள்ளேயே அகதியாய்க் கப்பலேறிய முதற் பயணம் அது. அவ்வாண்டிலேயே தமிழ்மொழிச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் ஒன்று நிறைவேறியது. ஆனால் அதனை நடைமுறைப்படுத்தும் விதிகள் 1966-இல்தான் வந்தன.

புத்தரக்கித்த தேரரின் பிற்கதை துயரமானது. வென்ற பிறகு அவருக்கும் பிரதமருக்கும் உறவு கசந்தது. கப்பல் வணிகத்திலும் சர்க்கரை ஆலைத் திட்டத்திலும் அவர் எதிர்பார்த்த உதவி அரசாங்கத்திடமிருந்து கிடைக்காமையே காரணம் என்று பின்னர் வழக்கில் சொல்லப்பட்டது. 1959 செப்டம்பர் 25-ஆம் நாள் காலை, ரொஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் திண்ணையில் தம்மைக் காண வந்தோரைப் பண்டாரநாயக்கா சந்தித்துக்கொண்டிருந்தார். அங்குக் காத்திருந்த தல்துவே சோமராம தேரர் என்னும் பிக்குவைக் கண்டு வணங்கினார். அவர் ஆயுர்வேதக் கண் வைத்தியர். அங்கியினுள்ளிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். மறுநாள் பிரதமர் உயிர் நீத்தார். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அவர் விடுத்த செய்தியில், தம்மைச் சுட்டவரைப் பிக்கு என்று சொல்லாமல், பிக்குவின் அங்கி அணிந்த மனிதன் என்றே குறித்தார். அவன் மீது வஞ்சம் தீர்க்கவேண்டா என்றும் கேட்டுக்கொண்டார். காலமெல்லாம் தடுமாறிய அம்மனிதர் அந்த ஒரு நாளில் தடுமாறவில்லை.

1961-இல் நீதியரசர் டி.எஸ். பெர்னாண்டோ முன் நடந்த வழக்கில், சதி செய்த குற்றத்துக்காகப் புத்தரக்கித்த தேரரும், எச்.பி. ஜெயவர்த்தனா என்னும் வணிகரும் (முன்சொன்ன ஜே.ஆர். வேறு, இவர் வேறு), சுட்ட குற்றத்துக்காகச் சோமராமரும் மரண தண்டனை பெற்றனர். மரண தண்டனையை 1958-இல் நிறுத்திவைத்தது பண்டாரநாயக்காவின் அரசாங்கமே. அவர் இறந்தபின் அதனை மீட்டுச் சட்டம் செய்தபோது, சதிக் குற்றம் அச்சட்டத்தின் சொற்களுக்குள் அடங்கவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டது. முன்னிருவர் தண்டனையும் ஆயுட்சிறையாயிற்று. சோமராமர் 1962 ஜூலை 6-இல் தூக்கிலிடப்பட்டார். களனித் துறவி 1967-இல் சிறையிலேயே மறைந்தார். ஒப்பந்தத்தை எதிர்த்ததற்கும் கொலைக்கும் நேர்த்தொடர்பு இல்லை. இரண்டையும் முடிச்சிட்டுப் பேசுவோர் வரலாற்றைக் குழப்புகின்றனர். மறுக்கப்படுவதற்குப் பழகாத அதிகாரம் என்ன செய்யும் என்பதே இரண்டிலும் பொதுவாக எனக்குத் தெரிவது.

ஐரோப்பாவிலும் இதற்கு நிகர் உண்டு. போலந்து நாட்டுச் சபையில் ஒரே ஓர் உறுப்பினர் மறுத்தாலும் எந்தச் சட்டமும் நிறைவேறாது என்னும் வழக்கம் 1652 முதல் வேரூன்றி, நாடு நலிந்தது. 1772-இல் அண்டை அரசுகள் மூன்றும் அதனை முதன்முறை பங்கிட்டன. 1791 மே 3-ஆம் நாள் சீர்திருத்தவாதிகள் அவ்வழக்கத்தை ஒழித்துப் புதிய அரசியலமைப்பை நிறைவேற்றினர். அதனை வரைந்தோருள் ஹூகோ கோல்லோந்தாய் என்னும் பாதிரியார் ஒருவர். அதனைக் கவிழ்க்கச் சதி செய்தோருள் யோசெப் கொசக்கோவ்ஸ்கி என்னும் ஆயர் ஒருவர். ரஷியாவின் ஊதியம் பெற்றவர். சீர்திருத்தம் ஓராண்டிலேயே வீழ்ந்தது. 1794 மே 9-ஆம் நாள் வார்சாவில் எழுச்சி செய்த மக்கள் ஆயரைத் தூக்கிலிட்டனர். மறு ஆண்டு நாடே வரைபடத்திலிருந்து மறைந்தது, 1918-இல்தான் மீண்டது. களனித் துறவி எந்த அயல்நாட்டுக்கும் பணி செய்தவரல்லர். அவ்வகையில் ஒப்புமை பொருந்தாது. ஆயினும் ஒரே சபையில், ஒரே திருச்சபையைச் சேர்ந்த இருவர் இரு பக்கத்திலும் நின்றதைப் பாருங்கள்.

இலங்கைக்குத் திரும்புவோம். 1965 மார்ச் 24-இல் டட்லி சேனநாயக்கா செல்வநாயகத்தோடு இன்னோர் ஒப்பந்தம் செய்தார். இம்முறை எதிர்த்தவர் பண்டாரநாயக்காவின் கட்சியினர். 1966 ஜனவரி 8-இல் கொழும்பில் நடந்த எதிர்ப்பு ஊர்வலத்தில் காவலர் சுட்டதில் ரதனசார என்னும் இளம் பிக்கு உயிரிழந்தார். மாவட்ட சபைத் திட்டம் 1968-இல் கைவிடப்பட்டது. 1972-இன் குடியரசு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது. பழைய 29-ஆம் பிரிவு அதில் இல்லை. 1976-இல் செல்வநாயகத்தின் தலைமையிலேயே தனிநாட்டுத் தீர்மானம் வந்தது. கூட்டாட்சி கேட்டவரை, அதனினும் குறைந்ததற்கு இசைந்தவரை, இருபது ஆண்டுகளில் அவ்விடத்துக்குக் கொண்டு சேர்த்தவர் யாவர் என்று எண்ணிப் பாருங்கள். பின்வந்த போர் 2009-இல் முடிந்தது. 1987-இல் அமைந்த மாகாண சபைகளில் வடக்கும் கிழக்கும் ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தன. 2006-இல் உச்ச நீதிமன்றம் அவ்விணைப்பு செல்லாது என்றது. 1957-இன் அந்தச் சிறு ஏட்டிலோ, இணைவதற்கு ஒரு வழி பாராளுமன்றத்தின் ஒப்புதலோடு எழுதப்பட்டிருந்தது.

என் மாணவனுக்கு இவற்றையெல்லாம் ஒரு பிற்பகலில் சொன்னேன். டிசூசா அடிகளாரையும் மறக்கவில்லை. சிறுபான்மையோர்க்குத் தனித் தொகுதி வேண்டா என்று கிறித்தவப் பிரதிநிதிகள் இசைந்த சபையில் இருந்தவர் அவர். அங்கே அவரும் பிற உறுப்பினரைப் போல ஒரு வாக்குடையவர், அவர் பேச்சை மறுத்துப் பேசவும் பிறர்க்கு உரிமை இருந்தது என்றேன்.

அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "சார், அந்த ஒப்பந்தத்தை அந்தச் சாமியார்கள் எல்லாரும் படித்திருப்பார்களா?" என்று கேட்டான்.

"தெரியாது, தம்பி" என்றேன்.

"நாம் படிக்கலாமா?"

அன்று மாலை, பள்ளி விட்டபின், தலைமையாசிரியர் அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு இருவரும் அதனை முதல் வரியிலிருந்து படித்தோம். நிலப் பங்கீட்டுப் பிரிவில் அவன் இரண்டு முறை நிறுத்தி ஐயம் கேட்டான்.